மகரந்த ஸ்லைடு தயாரிப்பது எப்படி? மொட்டு பறிப்பதிலிருந்து நகப்பூச்சு வரை

தேனில் எந்தப் பூவின் மகரந்தம் இருக்கிறது என்று பார்ப்பவருக்கும், காற்றில் பறக்கும் ஒவ்வாமைத் துகள்களைத் தேடுபவருக்கும் முதலில் வேண்டியது, பெயர் தெரிந்த செடிகளின் மகரந்த ஸ்லைடுகள்தான், அதாவது நுண்ணோக்கியில் பார்க்க மகரந்தம் பதித்த கண்ணாடித் துண்டுகள். அவற்றோடு ஒப்பிட்டுத்தான் மற்றவற்றை அடையாளம் காண முடியும். ஒப்பீட்டு ஸ்லைடில் வேறு பூவின் தூள் கலந்துவிட்டால் அதற்குப் பிறகு பார்ப்பதெல்லாம் தப்பாகிவிடும்.

அதனால் விரிந்த பூவைப் பறிக்காதீர்கள். தேனீ ஒரு முறை வந்து போயிருந்தாலே வேறு செடியின் மகரந்தம் ஒட்டியிருக்கலாம். நாளை விரியப்போகும் முதிர்ந்த மொட்டே சரியானது. மகரந்தப்பை இன்னும் வெடித்திருக்காது. சிறிய இளமொட்டிலும் மகரந்தம் இருக்கும், ஆனால் சுவர் முழுதாக உருவாகியிருக்காது. எந்த நேரத்தில் பறிப்பது என்பது செடியைப் பொறுத்தது. பூசணிப் பூ விடியலில் விரிந்து மதியத்துக்குள் சுருங்கிவிடும். பீர்க்கு மாலையில்தான் மலரும். காலையில் போய் வாடிய பீர்க்கம்பூவைப் பறித்துவருவது பலரும் செய்வது.

பறித்ததைக் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தேங்கி ஒரே நாளில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை வித்துகளை மகரந்தம் என்று எண்ணிக் குழம்ப நேரிடும். பனி உலர்ந்த பிறகு பறிப்பது நல்லது. உறைமேல் தாவரவியல் பெயர், இடம், தேதி மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். செடியை ஊரில் அழைக்கும் பெயர் மட்டும் போதாது: கருவேலத்தில் பல துகள்கள் ஒன்றாக ஒட்டிய கொத்தாக மகரந்தம் இருக்கும், சீமைக்கருவேலத்தில் தனித்தனித் துகள்கள். பெயரில் உறவு இருந்தாலும் நுண்ணோக்கியில் அது இல்லை. எருக்கில் மகரந்தம் தூளாகவே வராது, மெழுகுப் பொதியாக இருக்கும். தொடக்கத்தில் அதை விட்டுவிடலாம்.

அடுத்தது பதிக்கும் ஜெல்லி. ஜெலட்டின் 10 கிராம், காய்ச்சி வடித்த நீர் 35 மி.லி., கிளிசரின் 30 மி.லி. ஜெலட்டினைக் குளிர்ந்த நீரில் இரண்டு மணி நேரம் ஊறவிட்டு, பாத்திரத்தை 60 டிகிரி வெந்நீரில் வைத்துக் கரைத்து, பிறகு கிளிசரினைச் சேர்த்து மெதுவாகக் கிளறுங்கள். வேகமாகக் கிளறினால் காற்றுக்குமிழிகள் சிக்கிக்கொள்ளும். கொதிக்கவிட்டால் ஜெலட்டின் இறுகும் திறனை இழக்கும். ஜெலட்டினுக்குப் பதில் கடல்பாசி போடக் கூடாது. ஒரு முறை இறுகிய கடல்பாசி மறுபடி உருக 85 டிகிரியாவது வேண்டும். கெடாமலிருக்க நாட்டு மருந்துக் கடையில் ஓம உப்பு என்று கிடைக்கும் தைமால் ஒரு சிறு துண்டு போதும். ஆய்வகங்களில் ஃபீனால் சேர்ப்பார்கள். அது தோலைச் சுட்டுவிடும், வீட்டுக்கு வேண்டாம்.

நிறத்துக்கு, ஆல்கஹாலில் கரைத்த பேசிக் ஃபுக்சின் என்ற சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஜெல்லி வெளிர் ரோஜா நிறம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். போதாதது போலத்தான் தெரியும். ஆனால் மகரந்தச் சுவர் சாயத்தை இழுத்துக்கொண்டே போகும். அடர்த்தியாகப் போட்டால் ஒரு வாரத்தில் துகள் கருஞ்சிவப்பாகி, மேற்பரப்பு வேலைப்பாடு எதுவும் தெரியாது.

இப்போது ஸ்லைடு. ஆல்கஹாலில் துடைத்த ஊசியால் மகரந்தப்பையைக் கிழித்து, தூளை ஸ்லைடின் நடுவில் உதிர்த்து, பையின் தோலை எடுத்துவிடுங்கள். அடுத்த செடிக்குப் போகுமுன் ஊசியை மறுபடி துடைக்க வேண்டும்.

அடுத்த படியைத்தான் பலர் தாண்டிவிடுகிறார்கள். பூச்சிகளால் மகரந்தச் சேர்க்கை நடக்கும் பூக்களின் துகள்மேல் எண்ணெய்ப்பசை இருக்கும். அதை நீக்காவிட்டால் மஞ்சள் எண்ணெய்த் துளிகள் துகளைச் சுற்றி ஒட்டிக்கொண்டு துளை, முள், வரி எல்லாவற்றையும் மறைக்கும். தூளின்மேல் ஐசோபுரப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விடுங்கள். எண்ணெய் வெளிப்பக்கம் ஓடி வளையமாக நிற்கும். பஞ்சால் வளையத்தை மட்டும் துடையுங்கள். சூரியகாந்தி, பூசணி போன்றவற்றுக்கு மூன்று முறையாவது செய்ய வேண்டும். மக்காச்சோளம், அருகம்புல் போன்ற காற்றுவழிப் பூக்களுக்கு ஒரு முறை போதும். பக்கத்தில் நெருப்பு கூடாது.

ஆல்கஹால் முழுதும் உலர்ந்ததும் 2 முதல் 3 மி.மீ. கனத்துண்டு ஜெல்லியைத் தூள்மேல் வைத்து, ஸ்லைடை 45 டிகிரி அளவில் சூடாக்குங்கள். உருகியதும் ஊசியால் ஒரு முறை கலக்கி, லேசாகச் சூடாக்கிய 18 மி.மீ. கவர் ஸ்லிப்பை (மேலே மூடும் மெல்லிய கண்ணாடியை) ஒரு விளிம்பு தொடும்படி சாய்த்து இறக்குங்கள். குளிர்ந்த கவர் ஸ்லிப் வைத்தால் ஜெல்லி பாதி வழியிலேயே இறுகிக் குமிழி நிற்கும். அழுத்தக் கூடாது: செம்பருத்தித் துகள் நூறு மைக்ரானுக்கு மேல் பெரியது, நசுங்கிவிடும். அத்தகைய பெரிய துகள்களுக்குச் சற்றுப் பெரிய ஜெல்லித் துண்டு வேண்டும். ஆனால் ஜெல்லி தடித்தால் 100 மடங்கு எண்ணெய் லென்ஸ் அடியிலுள்ள துகளை எட்டாது. இதற்கு வழி, ஜெல்லி இறுகுமுன் ஸ்லைடைக் கவிழ்த்து இரண்டு தீக்குச்சிகள்மேல் வைப்பது. துகள்கள் கவர் ஸ்லிப் பக்கம் இறங்கி ஒரே மட்டத்தில் நிற்கும்.

ஓரிரு நாள் கழித்து வெளியே வழிந்த ஜெல்லியைப் பிளேடால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, விளிம்பில் நகப்பூச்சு இரண்டு பூச்சு அடியுங்கள். கிளிசரின் ஈரம் எஞ்சியிருந்தால் நகப்பூச்சு ஒட்டாமல் உரிந்துவரும். கோடை வெயிலில் ஜெல்லி இளகும். ஸ்லைடுகளைப் படுக்கை வசத்திலேயே வையுங்கள்.

அசிட்டிக் அன்ஹைட்ரைடு 9 பங்கு, அடர் கந்தக அமிலம் 1 பங்கு கலந்து துகளின் உள்ளடக்கத்தைக் கரைத்து வெறும் சுவரை மட்டும் மிச்சம் வைக்கும் அசிட்டாலிசிஸ் முறையில் படம் இன்னும் தெளிவாக வரும். ஆனால் அந்தக் கலவை ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் சீறித் தெறிக்கும். புகைபோக்கிப் பெட்டியுள்ள ஆய்வகத்துக்கு வெளியே அதைத் தொடாதீர்கள்.

பார்க்கும்போது 10 மடங்கு லென்ஸில் தேடி, 40 மடங்கில் ஆராயுங்கள். துகளை மேலிருந்தும் பக்கவாட்டிலும் பார்த்து, குறைந்தது 20 துகள்களை அளவிடுங்கள். கிளிசரின் ஜெல்லியில் துகள் நாளாக ஆக உப்பும். அதனால் எல்லா ஸ்லைடுகளையும் தயாரித்து ஒரே அளவு நாள் ஆனபின் அளந்து, அளந்த தேதியையும் லேபிளில் எழுதுங்கள்.