நாவலில் தெரியாத சொல் வந்தால்: புதிய வாசகர்களுக்கு ஒரு செய்முறை

வட்டார நாவல் ஒன்றை ஆசையாக வாங்கி, பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் ‘இது நமக்கு ஆகாது’ என்று மூடி வைத்தவர்கள் ஏராளம். பெரும்பாலும் கதை மிரட்டியிருக்காது, சொற்கள்தான் மிரட்டியிருக்கும். ஒரு பென்சிலும் நோட்டும் இருந்தால் போதும்.

படி 1: நிற்காதீர்கள்

தெரியாத சொல்லின் கீழே மெல்லிய கோடு போட்டுவிட்டு மேலே படியுங்கள். அகராதியெல்லாம் அத்தியாயம் முடிந்த பிறகுதான். சொல்லுக்குச் சொல் கைபேசியை எடுத்தால் கதை கைவிட்டுப் போகும். இரவல் புத்தகம் என்றால் பக்க எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நூலகப் புத்தகத்தில் பேனாவால் பொருள் எழுதி வைக்கும் புண்ணியவான்களைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

படி 2: ஊகியுங்கள்

இப்படி ஒரு வாக்கியம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘கமலை இறைக்கும்போது சாலில் ஓட்டை விழுந்து, பாதித் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பியது.’ கமலையும் தெரியாது, சாலும் தெரியாது. ஆனால் கிணறு இருக்கிறது, ஓட்டை வழியாகத் தண்ணீர் ஒழுகுகிறது. அப்படியானால் சால் என்பது தண்ணீர் மொள்ளும் பாத்திரம். கமலை அதை மேலே இழுக்கும் ஏற்பாடு. ஊகத்தை எழுதிவிடுங்கள். தவறாக இருந்தாலும் பாதகமில்லை.

படி 3: சொல்லை உரியுங்கள்

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். ‘சாலில்’ என்று தேடினால் அகராதியில் கிடைக்காது. உருபைக் கழற்றிச் ‘சால்’ என்று தேட வேண்டும். ‘வடத்தை’ என்பதற்கு ‘வடம்’. ‘படப்புக்கருகில்’ என்பதைப் ‘படப்புக்கு’, ‘அருகில்’ என்று பிரித்துப் ‘படப்பு’ என்று தேட வேண்டும். வினைச்சொல் என்றால் வேர் வரை போக வேண்டும்: ‘மொண்டான்’ என்பதற்கு ‘மொள்’. அச்சு அகராதியைப் புரட்டுபவர்கள் வரிசையையும் கவனியுங்கள். ‘அகம்’ என்பதற்கு முன்பே ‘அக்கா’ வந்துவிடும். மெய்யெழுத்துகளில் னகரம் கடைசி.

படி 4: பொருத்திப் பாருங்கள்

1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். ‘சால்’ என்று தேடினால் நீர் இறைக்கும் சாலும் வரும், உழவு சாலும் வரும். முதலில் கண்ணில் பட்டதை அள்ளிக்கொள்ளாமல் வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். ஏர் ஓடும் வாக்கியத்தில் அதே சொல் கலப்பை கிழித்த கோடு.

இன்றைய வழக்குக்குக் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி நல்லது. வட்டாரச் சொல்லுக்கு நாவல் எந்த மண்ணில் நடக்கிறது என்று பார்த்து அகராதியை எடுங்கள். கரிசல் பகுதிக்குக் கி. ராஜநாராயணன் தொகுத்தது (1982), கொங்குப் பகுதிக்குப் பெருமாள்முருகன் தொகுத்தது (2000), விருத்தாசலம் பக்கத்துக்குக் கண்மணி குணசேகரனின் நடுநாட்டுச் சொல்லகராதி. என்னைக் கேட்டால், இவற்றைத் தனி நூலாகவே உட்கார்ந்து படிக்கலாம்.

படி 5: வாக்கியத்தோடு எழுதுங்கள்

சொல், பொருள் என்று இரண்டு பத்தி போட்ட பட்டியல் ஒரு வாரத்தில் மறந்துபோகும். சொல் வந்த வாக்கியத்தை முழுதாக எழுதிக்கொள்ளுங்கள். எந்த அகராதியிலும் அகப்படாத சொல்லை அந்தப் பகுதிப் பெரியவர் யாரிடமாவது கேட்கலாம். அப்போதும் சொல்லை மட்டும் சொல்லாமல் வாக்கியத்தை வாசித்துக் காட்டுங்கள். பம்புசெட்டுக்கு முந்தைய காலத்தைப் பார்த்தவரிடம் கமலையைப் பற்றிக் கேட்டால் வடம், வால்கயிறு என்று பதிலோடு இன்னும் நாலு சொல் வரும். நோட்டில் கீழே கொஞ்சம் இடம் விட்டே எழுதுங்கள்.