அமீரக மலைப் பாலையில் முதல் நடை: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

"ராமநாதபுரத்து வெயில்ல வளர்ந்தவன்ணே நான். இதெல்லாம் ஒரு வெயிலா?"

ஷார்ஜாவில் என் அறையில் தங்கியிருந்த தம்பி சொன்னது இது. ஏப்ரல் முதல் வாரம், ராஸ் அல் கைமாவின் ஷவ்கா அணைக்குப் பின்னால் போகும் மலைப்பாதை. காலை எட்டரைக்கு நடக்க ஆரம்பித்தோம். பதினொன்றரைக்கு அவன் ஒரு பாறையில் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் சொல்லிக்கொண்டிருந்தான். சட்டை காய்ந்து கிடந்தது. அவன் பையைத் திறந்தால் ஒன்றரை லிட்டர் பாட்டிலில் முக்கால்வாசி தண்ணீர் அப்படியே இருந்தது. "திரும்பி வரும்போது வேணும்னு மிச்சம் வச்சேன்ணே" என்றான்.

தம்பி இப்போது நன்றாக இருக்கிறான். ஆனால் அன்று முதல், புதிதாக யார் நடக்க வந்தாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஊர் வெயிலில் பழகியவர்கள் என்ற நம்பிக்கையை அறையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். நம் கடலோர ஊர்களில் வியர்வை சட்டையில் ஒட்டும், கண்ணில் வழியும், 'போதும், நிழலுக்குப் போ' என்று அதுவே சொல்லிவிடும். ஹஜர் மலையின் வறண்ட காற்றில் வியர்வை வெளியே வந்ததும் காய்ந்துவிடுகிறது. வியர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்போம், உடம்பு மணிக்கு ஒரு லிட்டர் வரை இழந்துகொண்டிருக்கும். போதாததற்கு நாம் ஏசி அறை, ஏசி கார், ஏசி அலுவலகம் என்று வாழ்கிறோம். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று, இரண்டு வாரம் ஆகும். அந்தப் பழக்கம் விட்டுப்போகவும் அதிக நாள் ஆகாது.

படி 1: மாதத்தையும் இடத்தையும் முடிவு செய்யுங்கள்

நவம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுவரைதான் புதியவர்களுக்கான காலம். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று இந்த நாட்டில் சட்டமே இருக்கிறது. வெயிலில் வேலை செய்தே பழகியவர்களுக்கே அந்தப் பாதுகாப்பு தேவைப்படுகிறது என்றால், வாரம் ஒருநாள் நடக்கும் நாம் அந்த மாதங்களில் மலைப்பக்கம் போக வேண்டாம்.

முதல் இரண்டு மூன்று நடைக்கு ஷவ்கா, ஹத்தா போன்ற இடங்களில் அடையாளப் பலகை வைத்த பாதைகளே போதும். மூன்று மணி நேரத்துக்குள் முடிகிற பாதையாகப் பாருங்கள். ஜெபல் ஜைஸ் மலைப்பக்கத்துப் பெரிய ஏற்றங்களும், பலகையே இல்லாத வாதிகளும் (காய்ந்து கிடக்கும் காட்டாற்றுப் படுகைகள்) அனுபவம் உள்ளவர்களோடு அப்புறம் போக வேண்டியவை. தனியாகப் போகாதீர்கள். குறைந்தது மூன்று பேர் இருந்தால், ஒருவருக்கு அடிபட்டாலும் ஒருவர் கூட இருக்கலாம், மற்றவர் உதவிக்குப் போகலாம்.

டிசம்பரில் சூரியன் மாலை ஐந்தரைக்கே இறங்கிவிடும். மலை மறைக்கும் பள்ளத்தாக்கில் இன்னும் முன்னதாக இருட்டும்.

படி 2: ஊருக்குள் இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்

இரண்டு நிமிட வேலை, ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமானது. நடக்க வராத ஒருவருக்கு, மனைவியோ அறைத்தோழரோ, இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்:

"ஷவ்கா அணை பார்க்கிங்கில் வண்டி நிற்கும். வெள்ளை நிற வண்டி, நம்பர் இது. நாலு பேர் போகிறோம். காலை 7.30க்கு ஆரம்பம், பகல் 11க்குள் வண்டிக்கு வந்துவிடுவோம். ஒரு மணி வரை என்னிடமிருந்து தகவல் வராவிட்டால் எங்கள் எல்லோருக்கும் போன் போட்டுப் பார். யாரும் எடுக்காவிட்டால் 999க்குச் சொல்லு."

வண்டி நிற்கும் இடத்தின் லொகேஷனையும் சேர்த்து அனுப்புங்கள். தேடுபவர்கள் முதலில் பார்ப்பது வண்டியைத்தான். வழியில் மனம் மாறி வேறு பாதைக்குப் போக ஆசை வந்தால், சிக்னல் இருக்கும்போதே அதையும் சொல்லிவிடுங்கள். சொல்ல முடியவில்லையா, பாதையை மாற்றாதீர்கள்.

படி 3: தண்ணீர்

குளிர்காலக் காலை நடைக்கு ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர், வெயில் ஏறினால் முக்கால் முதல் ஒரு லிட்டர். மூன்று மணி நேர நடை என்றால் ஆளுக்கு மூன்று லிட்டர் எடுங்கள். கணக்குப்படி அதிகம்தான், அந்த அதிகம்தான் வழி தவறும் நாளில் உதவும். வண்டியில் தனியாக ஒரு பத்து லிட்டர் கேன் இருக்கட்டும்.

தண்ணீரை மூன்று பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு எதிர்பாராததற்கு. முதல் பங்கு தீர்ந்ததும், எங்கே நின்றாலும் திரும்ப வேண்டும். உச்சி இன்னும் பத்து நிமிடம்தான் என்று தெரிந்தாலும்.

ஆனால் மிச்சம் பிடிப்பதற்காகத் தாகத்தை அடக்காதீர்கள். தம்பி செய்த தவறு அதுதான். தண்ணீர் வயிற்றில் இருந்தால்தான் வேலை செய்யும். பாட்டிலில் தண்ணீர் மீதம் இருக்கும்போதே வெயிலில் சுருண்டு விழ முடியும், அதை நான் கண்ணால் பார்த்தேன். தாகம் எடுக்கும்போதெல்லாம் குடியுங்கள், பேச்சு மும்முரத்தில் மறந்துபோகாமல் இருக்க இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பாட்டிலைத் தொட்டுப் பாருங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்துக்கொண்டு ஒன்றும் சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் உப்பு குறைந்துவிடும். தலைவலி, குமட்டல், விரல் வீக்கம், பிறகு குழப்பம் என்று அது வெயில் மயக்கம் போலவே இருக்கும், ஆனால் மேலும் தண்ணீர் கொடுத்தால் மோசமாகும். அதனால் உப்புள்ள தின்பண்டம் கட்டாயம். எங்கள் குழுவில் புளியோதரைதான். கெடாது, உப்பும் புளிப்பும் இருக்கும், வாய் வறண்டிருக்கும்போதும் இறங்கும். வறுத்த கடலை, மிக்சர் எதுவும் சரி. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு மட்டமான தேக்கரண்டி சர்க்கரை, அரை தேக்கரண்டி உப்பு. அளவு மாறக் கூடாது, உப்பு கூடினால் கெடுதல்.

ஒரு சின்ன வழி: ஒரு பாட்டிலில் பாதி நிரப்பி, படுக்கவைத்து ஃப்ரீசரில் வைத்துவிட்டு, காலையில் மீதியை நிரப்புங்கள். பதினோரு மணிக்கும் சில்லென்று இருக்கும். யாருக்காவது மயக்கம் வந்தால் கழுத்தில் வைக்கவும் அதுவே உதவும்.

படி 4: பையில் என்ன இருக்க வேண்டும்

காது, கழுத்து மறைக்கும் தொப்பி, முழுக்கைச் சட்டை, கணுக்காலைப் பிடிக்கும் ஷூ. செருப்பு வேண்டாம். இங்குள்ள சம்ர் மரம் நம் ராமநாதபுரத்துக் குடைவேல மரம் போலவே குடை விரித்து நிற்கும். நல்ல நிழல், ஆனால் கீழே உதிர்ந்த முள் செருப்பை ஓட்டை போட்டுக் காலில் ஏறும்.

அவசரத்துக்கு: விசில், தலையில் மாட்டும் டார்ச், சின்ன கண்ணாடி, மெல்லிய அலுமினியப் போர்வை, பேண்டேஜ் துணி, பவர் பேங்க். பகலில் போய்ப் பகலில் வருவதற்கு டார்ச் எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. ஒருவருக்குக் கால் பிசகினால் இரண்டு மணி நேர வழி ஐந்து மணி நேரமாகும், அதற்குத்தான். போர்வையும் அப்படித்தான். பாலை என்றால் சூடு என்றுதான் நினைக்கிறோம். ஜெபல் ஜைஸில் 2017 பிப்ரவரியில் பனியே விழுந்தது. வியர்த்த சட்டையோடு குளிர்கால இரவில் பாறையில் உட்கார்ந்தால் நடுக்கம் எலும்பு வரை போகும்.

போனில் அந்தப் பகுதி வரைபடத்தை முன்னதாகவே இறக்கிவையுங்கள், ஜி.பி.எஸ். வேலை செய்ய இன்டர்நெட் வேண்டாம். சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கில் ஏரோபிளேன் மோடில் போடுங்கள், இல்லையென்றால் டவரைத் தேடித் தேடியே பேட்டரி காலியாகும். ஹத்தா பக்கத்தில் போன் தானாக ஓமான் நெட்வொர்க்குக்குத் தாவும், பயப்பட வேண்டாம். அமீரகத்தில் போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 998. எல்லை தாண்டி ஓமானில் நடந்தால் 9999.

படி 5: வாதியில் மழை

வாதி என்பது காட்டாறு. வருடத்தில் பெரும்பாலான நாள் கூழாங்கல் பாதையாகக் காய்ந்து கிடக்கும், நடக்க வசதியாகவும் இருக்கும். மேலே மலையில் பெய்த மழை, நம் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்போதே அதில் இறங்கிவரும். வெறும் பாறை மலை, தண்ணீரை உறிஞ்ச மண்ணும் இல்லை, வேரும் இல்லை. 2024 ஏப்ரல் 16ஐ இங்கிருந்த யாரும் மறந்திருக்க மாட்டோம். அல் ஐன் பக்கத்தில் கத்ம் அல் ஷக்லாவில் 24 மணி நேரத்துக்குள் 254 மி.மீ. கொட்டியது.

கிளம்பும் அன்று காலையில் தேசிய வானிலை மையத்தின் ஆப்பைப் பாருங்கள். மலைப்பக்கம் மழை வாய்ப்பு என்று இருந்தால் நடையைத் தள்ளிவையுங்கள். வாதியில் இருக்கும்போது தண்ணீர் கலங்கலாக மாறினாலோ, குச்சியும் குப்பையும் மிதந்து வந்தாலோ, மேலிருந்து லாரி வருவது போல ஓசை கேட்டாலோ, பையை எடுக்கவும் நிற்காமல் பக்கவாட்டில் மேட்டில் ஏறுங்கள். வாதியின் போக்கிலேயே ஓடாதீர்கள், தண்ணீர் உங்களைவிட வேகம். வெள்ளம் ஓடும் வாதிக்குள் வண்டியை இறக்கினால் 2,000 திர்ஹம் அபராதம், ஓட்டுநர் உரிமத்தில் 23 கரும்புள்ளி, வண்டி 60 நாள் பறிமுதல் என்று 2023இல் விதியே வந்துவிட்டது. மழை நேரத்தில் வாதியருகே வேடிக்கை பார்க்கக் கூடினாலும் 1,000 திர்ஹம்.

படி 6: ஒருவருக்கு வெயில் தாக்கினால்

முதல் கட்டத்தில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், காலில் தசைப்பிடிப்பு, வெளிறிய முகம் இருக்கும். ஆள் தெளிவாகப் பேசுவார். நிழலில் படுக்கவையுங்கள், காலைச் சற்று உயர்த்துங்கள், ஓ.ஆர்.எஸ். கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். வெறும் தரையில் படுக்கவைக்காதீர்கள், நிழல் விழுவதற்கு முன் வெயில் பட்ட இடமாக இருந்தால் இன்னும் கொதிக்கும். பைகளைப் பரப்பி அதன்மேல் படுக்கட்டும். அன்றைக்கு நடை முடிந்தது, அவர் தேறினாலும் மேலே ஏற வேண்டாம்.

பேச்சு குழறினாலோ, தள்ளாடினாலோ, எரிச்சலோடு சம்பந்தமில்லாமல் பேசினாலோ அது வெப்ப அதிர்ச்சி (ஹீட் ஸ்ட்ரோக்). உடம்பின் உட்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும், உயிருக்கே ஆபத்து. வியர்வை இருக்கிறதா இல்லையா என்று ஆராய வேண்டாம், மனம் குழம்பியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. நான் கேட்பது மூன்று: இன்னைக்கு என்ன கிழமை, நாம எங்க இருக்கோம், உன் ஊர் எது. தம்பி கிழமையைக் கேட்டதற்கு, "சாவி வண்டியில இருக்கு" என்றான்.

அந்த நேரத்தில் வரிசை இதுதான்: முதலில் குளிர்விப்பது, பிறகுதான் தூக்கிக்கொண்டு போவது. ஒருவர் 998க்குப் பேசட்டும், மற்றவர்கள் கையில் இருக்கும் தண்ணீரை அவர் சட்டையிலும் தலையிலும் ஊற்றி, தொப்பியாலோ துண்டாலோ விடாமல் விசிறுங்கள். குளிர்ந்த பாட்டிலைக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வையுங்கள். நம் வியர்வையைத் தெரியாமல் திருடிய அதே வறண்ட காற்று, ஈரச் சட்டையின் மேல் பட்டால் நன்றாகவே குளிர்விக்கும். நாங்கள் ஊற்றியது நாலு லிட்டருக்கு மேல். இருபது நிமிடம் கழித்து, "ஏன்ணே எல்லாரும் என்னையே பார்க்கிறீங்க?" என்று கேட்டான். எனக்குக் கை நடுங்கியது அப்போதுதான். அன்றே மருத்துவமனைக்கும் கூட்டிப்போனோம். தெளிந்துவிட்டார் என்று விட்டுவிடக் கூடாது, உள்ளுறுப்புகள் பாதிக்கப்பட்டிருக்கலாம்.

குழம்பிய நிலையில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும். பாராசிட்டமால் இதற்குப் பயன்படாது.

படி 7: வழி தவறினால்

தெரிந்த உடனே நில்லுங்கள். உட்காருங்கள். பத்து நிமிடம் ஒன்றும் செய்ய வேண்டாம், தண்ணீர் குடியுங்கள். நடந்த வழியைப் பின்னோக்கி யோசித்து, நிச்சயமாகத் தெரிந்த கடைசி இடம் கண்ணுக்கு எட்டினால் அங்கே திரும்புங்கள். எட்டவில்லை என்றால் நிழல் தேடி அங்கேயே இருங்கள். வாதி கீழேதானே போகும் என்று அதைப் பிடித்து இறங்குவது பலரும் செய்யும் தவறு. நடுவில் இருபதடி செங்குத்துப் பாறை வந்தால் இறங்கவும் முடியாது, ஏறவும் முடியாது.

குரல் கொடுத்துத் தொண்டையை வறட்டாமல் விசிலை மூன்று முறை ஊதி, ஒரு நிமிடம் இடைவெளி விட்டு மறுபடி மூன்று முறை ஊதுங்கள். பகலில் கண்ணாடியில் வெயிலைப் பிடித்து ஆள் நடமாட்டம் தெரியும் பக்கம் காட்டுங்கள், வெகு தூரம் தெரியும். அலுமினியப் போர்வையைப் பாறையில் விரித்து ஓரங்களில் கல் வையுங்கள். பேச்சு போகாத பலவீனமான சிக்னலிலும் எஸ்.எம்.எஸ். சில சமயம் போய்விடும், வரைபடத்தில் தெரியும் எண்களை அப்படியே எழுதி அனுப்புங்கள். மணலில் வண்டி சிக்கியிருந்தால் வண்டியை விட்டு நடக்காதீர்கள். ஹெலிகாப்டரில் வருபவருக்கு மனிதன் ஒரு புள்ளி, வண்டி தூரத்திலேயே தெரியும்.

சிறுநீரைக் குடிப்பது, குழி தோண்டி பிளாஸ்டிக் கட்டித் தண்ணீர் எடுப்பது எல்லாம் வீடியோவில் பார்ப்பதற்குத்தான். குழி தோண்ட இழக்கும் வியர்வை, கிடைக்கும் தண்ணீரைவிட அதிகம். எருக்கம்பால் ஒருபோதும் வேண்டாம், இங்கே வளரும் எருக்கும் விஷமே. வாதிக் குட்டையில் தண்ணீர் இருந்து, கையில் ஒரு சொட்டும் இல்லை என்றால், துணியில் வடிகட்டிக் குடித்துவிடுங்கள். வயிற்றுப்போக்கை நாளைக்குக் கவனிக்கலாம்.

படி 8: பாம்பு, தேள்

சுருட்டை விரியன் இனம் இங்கும் உண்டு, உடலை உரசி ரம்பம் அறுப்பது போலச் சத்தம் எழுப்பும். கண்ணால் பார்க்காத இடுக்கில் கை வைக்காதீர்கள், கழற்றிவைத்த ஷூவை உதறிவிட்டு மாட்டுங்கள். பாம்பு கடித்துவிட்டால் மோதிரம், வாட்ச் கழற்றி, கடிபட்ட கை காலை அசையாதபடி தளர்வாகக் கட்டி, மருத்துவமனைக்குப் போக வேண்டும். கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது மூன்றும் கூடாது. பாம்பைத் துரத்திப் படம் எடுக்கவும் வேண்டாம்.

படி 9: வண்டிக்கு வந்ததும்

ஷூவைக் கழற்றுவதற்கு முன் போனை எடுங்கள். காலையில் செய்தி அனுப்பினீர்களே, அவருக்கு "வந்துட்டோம், நாலு பேரும் நல்லா இருக்கோம்" என்று அனுப்புங்கள். ஒரு மணி ஆனால் அவர் 999ஐ அழைத்துவிடுவார்.