வயல் பச்சை சரியாக வரவில்லையா? புதிதாக வரைபவர்களுக்கு டெல்டாவில் ஓர் அரைநாள் ஸ்கெட்ச் பயணம்

கும்பகோணத்தில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் டிசைனர் நான். காலை பத்து மணிக்குக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் மஞ்சள் நீராட்டு விழா, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, தலைவர் பிறந்தநாள் என்று மாறி மாறி ஓடும். முகூர்த்த மாதத்தில் வீடு திரும்ப இரவு பதினொன்றாகிவிடும். "உனக்கென்னப்பா, பிடிச்ச வேலை, நாள் பூரா படம் போடுறே" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். நானும் சிரித்து வைப்பேன். பத்து மாதமாகத் தூரிகையைத் தொடவில்லை என்பது எனக்கும் பரணில் கிடந்த தூரிகைப் பைக்கும்தான் தெரியும்.

மனசு வரட்டும், உட்காரலாம் என்று காத்திருந்தேன். அது வரவேயில்லை. கடைசியில் கைகொடுத்தது ஒரு சின்ன ஏற்பாடு: தாளைச் சிறிதாக்கினேன், நேரத்தைக் குறைத்தேன், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு வண்டியை எடுத்தேன். இதோ ஒன்றரை வருடம் ஆகிறது. பென்சில் பிடிப்பது, தூரிகை கழுவுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் நாலு நாளில் தானாக வந்துவிடும்.

படி 1: பையைச் சனிக்கிழமை இரவே கட்டி வையுங்கள்

காலையில் எழுந்து தேட ஆரம்பித்தால் பயணம் அன்றைக்குப் போகாது. என் பையில் இருப்பவை: 300 ஜிஎஸ்எம் (தடிமனான) வாட்டர் கலர் தாள் ஐந்தாறு துண்டு, ஒரு அட்டை, இரண்டு கிளிப், 2பி பென்சில், 8-ஆம் எண் உருண்டைத் தூரிகை ஒன்று, பழைய காட்டன் வேட்டித் துண்டு, தண்ணீர் பாட்டில், ஊறுகாய் பாட்டிலின் மூடி.

தாளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பள்ளிக்கூட டிராயிங் நோட்டில் தண்ணீர் பட்டால் அப்பளம் மாதிரி சுருளும். அதைப் பார்த்து நமக்கு வரையத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வோம், நானும் நினைத்தேன். 22க்கு 30 அங்குல முழுத்தாளாக வாங்கி வீட்டிலேயே பதினாறாக வெட்டிக்கொள்ளுங்கள். ஐந்தரைக்கு ஏழரை அங்குலத்தில் பதினாறு துண்டு கிடைக்கும். கட்டுப்படியாகும். கெட்டுப்போனாலும் மனசு வலிக்காது. பெரிய ஸ்கெட்ச் புத்தகம் வாங்காதீர்கள் என்று சொல்வதற்கும் அதுதான் காரணம். அழகான புத்தகத்தின் முதல் பக்கத்தைக் கெடுக்க யாருக்கும் தைரியம் வராது.

வண்ணத்துக்கு கேம்லின் வாட்டர் கலர் டியூபே போதும். எலுமிச்சை மஞ்சள், யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), கிரிம்சன், அல்ட்ரா மரின் நீலம், பிரஷ்யன் நீலம், ஆக ஆறு. பச்சை இந்தப் பட்டியலில் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். தெரிந்தேதான் விட்டேன், காரணம் நாலாவது படியில். டியூபிலிருந்து காலி மாத்திரை டப்பாவின் அறைகளில் பிதுக்கி இரண்டு நாள் காயவைத்தால் சட்டைப்பைக்குள் அடங்கும் வண்ணப்பெட்டி தயார்.

படி 2: கோபுரத்தை விடுங்கள், மூலையைப் பிடியுங்கள்

நம் ஊரில் வரைய விஷயத்துக்குப் பஞ்சமில்லை. அதுவே புதியவருக்குச் சிக்கல். என் முதல் பயணம் தஞ்சாவூர் பெரிய கோயில். விமானம் 216 அடி, என் தாள் ஏழரை அங்குலம். மூன்று மணி நேரம் போராடி இரண்டாவது தளத்தோடு நின்றேன். ஓவியர் சில்பி கோயில் கோயிலாக நேரில் உட்கார்ந்து சிற்பம் சிற்பமாக வரைந்தவர் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்ததால் வந்த வினை. அவர் சில்பி. நாம் ஞாயிற்றுக்கிழமை ஆட்கள்.

தாராசுரத்துக்குப் போனால் ஐராவதேசுவரர் கோயில் முழுவதையும் பார்க்காதீர்கள். முன் மண்டபத்தில் குதிரை இழுக்கும் அந்தக் கல் சக்கரம் ஒன்று போதும். மகாமகக் குளத்தைச் சுற்றிப் பதினாறு மண்டபம் இருக்கிறது, ஒன்றை எடுங்கள், அதன் நிழல் தண்ணீரில் விழும் இடத்தோடு நிறுத்துங்கள். பகவத் படித்துறையில் காயும் ஒரு சிவப்புப் புடவையும் நாலு படியும் முழுப் படத்துக்குக் காணும்.

கோயிலுக்குள் ஸ்டாண்டு, ஈஸல் எதுவும் கொண்டுபோகாதீர்கள். தொல்லியல் துறைப் பராமரிப்பில் உள்ள இடங்களில் மூன்றுகால் ஸ்டாண்டுக்கு அனுமதி கேட்பார்கள். மடியில் அட்டையை வைத்து வரைந்தவரை என்னை யாரும் எதுவும் சொன்னதில்லை.

படி 3: பென்சில் ஐந்து நிமிடம்

வரப்பு எங்கே, வானம் எங்கே முடிகிறது, பெரிய இருட்டு எங்கே. மூன்று கோடு, முடிந்தது. மேலே பேனாவால் போடுவதானால் தண்ணீரில் கரையாத மையா என்று வீட்டிலேயே சோதித்துக்கொள்ளுங்கள். ஜெல் பேனாவால் ஒரு மணி நேரம் வரைந்த சுவாமிமலைத் தெரு, ஒரே தூரிகை வீச்சில் ஊதாக் குழம்பானது.

படி 4: பச்சை

இங்கேதான் நான் நாலு மாதம் மாட்டிக்கொண்டேன். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

டெல்டாவில் உட்கார்ந்து வரைந்தால் தாளில் பாதி பச்சை. என் வயல்களெல்லாம் பிளாஸ்டிக் பாய் விரித்த மாதிரி வந்தன. டப்பாவில் ரெடிமேடாகக் கிடைத்த பச்சையை அப்படியே இழுத்தேன். தண்ணீர் கூட்டினால் வெளிர் பிளாஸ்டிக், குறைத்தால் அடர் பிளாஸ்டிக். நாள் முழுவதும் ஸ்கிரீனில் பளபளக்கும் பச்சையைப் பார்த்துப் பார்த்து என் கண்ணே கெட்டுப்போயிருந்தது என்று பிறகுதான் புரிந்தது.

அப்பா சுவர் விளம்பரம் எழுதியவர். ஃபிளெக்ஸ் வந்தபிறகு தொழிலை விட்டுவிட்டார். (மகன் ஃபிளெக்ஸ் கடையில். இதைப்பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.) ஒருநாள் என் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பச்சை டப்பாவைக் கவுத்துட்டியா தம்பி?"

"வயல் பச்சையாத்தானேப்பா இருக்கு."

"இருக்கு. அதுக்குள்ள சிவப்பும் இருக்கு. நாங்க பச்சை கலக்கும்போது ரெட் ஆக்ஸைடு ஒரு தொடு தொட்டுக்குவோம். இல்லாட்டி கண்ணைக் குத்தும்."

அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு பர்ன்ட் சியன்னாவை ஒரு தொடு தொட்டேன், வயல் தரையில் இறங்கி உட்கார்ந்தது. சிவப்பு பச்சைக்கு எதிர் நிறம். துளி சேர்ந்தாலும் அதன் பளபளப்பை அடக்கிவிடும். துளி என்றால் துளிதான், கூடினால் சாணி நிறம்.

மஞ்சளும் நீலமும் கலந்தே பச்சை எடுங்கள். பயிரின் பருவத்துக்குத் தகுந்தபடி நான் கலப்பது இப்படி. நாற்றங்காலுக்கு எலுமிச்சை மஞ்சள் நிறைய, பிரஷ்யன் நீலம் தூரிகை நுனியளவு, சிவப்பே வேண்டாம். அந்த ஒரு பருவத்தில்தான் பயிர் நிஜமாகவே கண்ணைக் குத்தும். நட்டு ஒரு வாரம் ஆன வயலில் பச்சையைத் தேடாதீர்கள், அங்கே இருப்பது வானம்தான். தண்ணீருக்கு வானத்தின் நிறத்தையே இழுத்து, காய்ந்தபின் நாற்றுகளை மெல்லிய கீற்றுகளாக வையுங்கள். தூர் கட்டி நிற்கும் பயிருக்கு அல்ட்ரா மரின், மஞ்சள், அப்பாவின் அந்த ஒரு தொடு. கதிர் வந்ததும் எலுமிச்சை மஞ்சளை எடுத்துவிட்டு ஓக்கருக்கு மாறுங்கள். தை, மாசியில் சம்பா அறுத்த வயலில் நெல் அடிக்கட்டையின் நிறம் ஓக்கராக இருக்கும், உற்றுப் பார்த்தால் அதற்குள் பொடிப்பொடியாகப் பச்சை தெரியும். அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நெல்லுக்குள் தெளித்த உளுந்தும் பயறும் முளைத்து நிற்பது அது. இது தெரியாமல் ஒருதடவை அதைக் களை என்று நினைத்து வரையாமல் விட்டேன்.

தூரத்துத் தென்னந்தோப்புக்கு நீலமும் தண்ணீரும் கூட்டுங்கள். கிட்டத்து மரத்துக்குப் போட்ட பச்சையையே அதற்கும் போட்டால், தோப்பு எழுந்து வந்து வரப்பில் நிற்கும்.

கொக்கு? வெள்ளைத் தாளை அப்படியே விட்டுவிட்டுச் சுற்றிலும் வண்ணம் போடுங்கள். பிறகு வெள்ளை வண்ணம் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது சுண்ணாம்புப் பொட்டு மாதிரிதான் உட்காரும்.

படி 5: காய விடுங்கள்

முதலில் வானம், அது காய்ந்தபின் நிலம். சொல்வது சுலபம். சித்திரை வெயிலில் வானத்தின் ஒரு ஓரம் முடிப்பதற்குள் மறு ஓரம் காய்ந்து கோடு விழும். நிழலில் உட்காருங்கள், தாளை முதலில் வெறும் தண்ணீரால் நனைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நேர்மாறு, கால் மணி ஆனாலும் காயாது. பொறுமை இல்லாமல் அடுத்த பூச்சை வைத்தால் காலிஃபிளவர் மாதிரி கறை பூத்துவிடும். புறங்கையால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம். அந்த நேரத்தில் டீ குடித்துவிட்டு வாருங்கள், பட்டீஸ்வரம் சாலையில் கடைக்கா பஞ்சம்.

தண்ணீர் பாட்டில் ஏன் என்று கேட்டால், ஆறு பக்கத்தில்தானே ஓடுகிறது என்று நானும் நினைத்தவன்தான். மேட்டூரைத் திறந்து, கல்லணை தாண்டி வந்த புதுத்தண்ணீர் அரசலாற்றில் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மூடியில் மொண்டு வானம் போட்டேன். வானம் முழுக்க வண்டல். வயலுக்கு நல்லது, படத்துக்கு ஆகாது.

படி 6: கேள்விகளுக்குத் தயாராக இருங்கள்

வயலைப் பார்த்தபடி ஒருவன் தாளில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தால் டெல்டாவில் யாரும் ஓவியன் என்று நினைக்க மாட்டார்கள். "சர்வேயரா?" முதல் கேள்வி. "மீத்தேன் ஆளா?" இரண்டாவது, வயலில் மீத்தேன் எடுக்க வந்த கம்பெனி ஆளா என்று. 2020இல் வேளாண் மண்டலச் சட்டம் வந்துவிட்டாலும் அந்தப் பயம் இன்னும் போகவில்லை, நியாயமான பயம்தான். தாளைத் திருப்பிக் காட்டிவிடுங்கள். அடுத்த நிமிடமே "அந்த போர் செட்டையும் போடுங்க தம்பி" என்பார்கள். போட்டுவிடுங்கள். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் பின்னால் கூட்டம் சேராது.

ஒரு மணி நேரத்தில் எழுந்துவிடுங்கள். படம் அரைகுறையாக இருந்தாலும் சரி. வீட்டில் வந்து முடிக்கிறேன் என்று எடுத்துவந்த படம் ஒன்றுகூட என்னிடம் முடிந்ததில்லை, தேதி போட்டுப் பெட்டியில் வைத்துவிடுகிறேன்.

வாரநாளில் என்ன செய்வது

கடையில் பிரிண்ட் ஓடும்போது பத்து நிமிடம் சும்மா நிற்க வேண்டியிருக்கும். முன்பு போனை எடுப்பேன். இப்போது பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எதையாவது கிறுக்குகிறேன். மெஷின், டீ கிளாஸ், காத்திருக்கும் கஸ்டமரின் செருப்பு. வண்ணம் கிடையாது. ஞாயிறு காலை கை விறைக்காமல் இருப்பதற்கு அது போதும். முகூர்த்த மாதத்தில் அதுவும் நடக்காது. அப்போது கணக்குப் பார்ப்பதில்லை, விட்ட ஞாயிறு விட்டதுதான்.

பிறகு சேர்த்தவை

போஸ்டர் கலரில் இதைச் செய்யலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். செய்யலாம், முறைதான் மாறும். அது அடியில் இருப்பதை மறைக்கும் வண்ணம், அதனால் கொக்கைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். பச்சைக்குள் சிவப்பு அதிலும் உண்டு.

திருவாரூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார்: "சுவரை ஒட்டி உட்காருங்கள் என்று ஆம்பளைக்குச் சொல்லிட்டீங்க. ஒரு பொண்ணு தனியா படித்துறையில ஒரு மணி நேரம் உட்கார முடியுமா?" இது எனக்கு உறைக்கவே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அவரே வழியும் சொன்னார். கமலாலயக் கரைக்கு அம்மாவோடு போகிறார். அம்மா பூக்கட்டி முடிப்பதற்குள் இவர் குளத்தின் நடுவில் இருக்கும் கோயிலை வரைந்துவிடுகிறார். மற்ற நாட்களில் மொட்டைமாடி. மாடியிலிருந்து தெரியும் தண்ணீர் டேங்கும் ஓட்டுக்கூரையும் அவர் அனுப்பிய படங்களில் என்னுடையதைவிட நன்றாகவே இருந்தன.

மாத்திரை டப்பாவில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, என்ன செய்வது என்று மூன்று பேர். மழைக்காலத்தில் ஈர வண்ணத்தை மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். மேலாகச் சுரண்டி எறிந்துவிட்டு வெயிலில் காட்டுங்கள். வரைந்து வந்ததும் டப்பாவைத் திறந்தே வையுங்கள். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜுக்கு மேல் வைக்கிறேன், அங்கே லேசான சூடு இருக்கும். அப்பா அதை மாத்திரை என்று நினைத்து ஒருமுறை திறந்துவிட்டார். மறுநாள் பார்த்தால் ஓக்கர் அறையில் விரல் தடம், என் தாளில் ஒரு துண்டைக் காணோம்.