நாளைக்குப் பனி பொழியுமா? கணிப்பதும், யார் கணிப்பு தேறுகிறது என்று கணக்கு வைப்பதும்

குளிர்காலம் வந்துவிட்டால் ஆளுக்கொரு கணிப்பு. ஒரு ஆப் நாளை 15 செ.மீ. பனி என்கிறது, இன்னொன்று 3 என்கிறது, தொலைக்காட்சியில் வருபவர் வெறும் மழைதான் என்கிறார். எல்லாம் பெய்து ஓய்ந்த பிறகு மூவருமே "நான் அப்போதே சொன்னேனே" என்பார்கள். இதில் யார் தேறினார் என்பதை நினைவை வைத்து முடிவு செய்யவே கூடாது. சரியாகச் சொன்ன இருபது நாட்கள் மறந்துபோகும், பிசகிப்போன ஒரு பெரிய புயல் மட்டும் வருஷக்கணக்கில் மனதில் நிற்கும். நிகழ்வுக்கு முன்பே எழுதி வைத்த கணிப்பு, முடிந்த பின் ஒழுங்காக எடுத்த அளவு, இந்த இரண்டும் கையில் இருந்தால்தான் ஒப்பிடுவதில் அர்த்தம் உண்டு. ஆனால் அதற்கு முன் நீங்களும் ஒரு கணிப்பைச் சொல்லிப் பழக வேண்டும். சொல்லிப் பார்க்கும்போதுதான் எந்த இடத்தில் எல்லோருக்கும் சறுக்குகிறது என்பது பிடிபடும்.

முதலில் ஒன்றிரண்டு நாளுக்கான கணிப்பு

குளிர்காலக் கணிப்பு கோடைக்காலத்தைவிடக் கடினமாக இருக்க முக்கியக் காரணம் நீர் உறையும் 0 டிகிரி செல்சியஸ். கோடையில் வெப்பநிலையை ஒரு டிகிரி தவறாகச் சொன்னால் யாருக்கும் தெரியாது. குளிர்காலத்தில் அதே ஒரு டிகிரி மழையைப் பனியாக்கும், அல்லது பனியை வெறும் ஈரச் சாலையாக்கும். அதனால் நாளைய வெப்பநிலை எத்தனை என்று மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள், ஈரக்குமிழ் வெப்பநிலையைப் பாருங்கள், அதாவது நீர் ஆவியாவதால் காற்று எவ்வளவு வரை குளிர முடியும் என்பதை. காற்று உலர்ந்திருந்தால் விழும் துளிகள் ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கும். வெளியே 3 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் அந்தக் குளிர்ச்சி 0 டிகிரி வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விடும். "3 டிகிரியில் எப்படிப் பனி விழும்" என்று கேட்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். ரேடாரில் பச்சையாக எதிரொலி தெரிகிறது, தலைக்கு மேல் ஒரு பொட்டுக்கூட விழவில்லை என்றாலும் இதே கதைதான். கீழ்க்காற்று இன்னும் உலர்வாக இருக்கிறது, விழுவதெல்லாம் பாதி வழியில் ஆவியாகிறது. காற்று ஈரத்தால் நிரம்பியதும் சட்டென்று தொடங்கும், அப்போது பெரும்பாலும் எதிர்பார்த்ததைவிடக் குளிராகவே இருக்கும்.

தரையில் என்ன வெப்பநிலை என்பது பாதிக் கதை. மேலே ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் 0 டிகிரிக்கு மேலான ஒரு வெதுவெதுப்பான அடுக்கு நுழைந்திருந்தால் பனித்துகள் அதில் உருகி நீராகிவிடும். அதன் கீழே உள்ள குளிர் அடுக்கு தடிமனாக இருந்தால் வழியிலேயே மறுபடி உறைந்து சிறு பனிக்கட்டி மணிகளாக விழும், மெல்லியதாக இருந்தால் நீராகவே வந்து தரையையும் மரக்கிளையையும் மின்கம்பியையும் தொட்டவுடன் கண்ணாடி மாதிரி உறையும். இந்த உறைமழைதான் இருப்பதிலேயே ஆபத்தானது, சாலையில் பார்த்தால் வெறும் ஈரம் போலத் தெரியும். தரை வெப்பநிலை மூன்று நிலைமைகளிலும் ஒன்றேயாக இருக்கலாம் என்பதால், உயரம் கூடக்கூட வெப்பநிலை எப்படி மாறுகிறது என்று காட்டும் செங்குத்து வெப்பநிலைப் படத்தைத் திறந்து பார்க்காமல் பனியா உறைமழையா என்று சொல்லத் துணியாதீர்கள். வானிலைப் பலூன்கள் உலகெங்கும் 00 மணிக்கும் 12 மணிக்கும் யுடிசி என்ற உலகப் பொது நேரப்படி ஏவப்படுகின்றன. அருகில் ஏவும் நிலையம் இருந்தால் அந்த அளவீட்டைப் பாருங்கள், இல்லையென்றால் மாடல், அதாவது வானிலையைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி நிரல், தரும் படமே போதும், பல தளங்களில் இலவசமாகக் கிடைக்கிறது.

அடுத்தது எவ்வளவு பனி என்பது. மாடல்கள் உள்ளுக்குள் கணக்கிடுவது நீரின் அளவை. அதைப் பனியின் உயரமாக மாற்ற பல வரைபடங்கள் கண்ணை மூடிக்கொண்டு 10 ஆல் பெருக்குகின்றன, அதாவது 10 மி.மீ. நீர் என்றால் 10 செ.மீ. பனி. உண்மையில் ஈரமான கனத்த பனி என்றால் அதே நீரில் 5 செ.மீ. தான் தேறும், மேகத்தில் சுமார் மைனஸ் 12 முதல் மைனஸ் 18 டிகிரி வரையிலான பகுதியில் கிளைவிட்டு வளர்ந்த இலேசான பனி என்றால் 20 செ.மீ. கூட ஆகலாம். பனிக்கட்டி மணிகளையும் பனியாகவே எண்ணிவிடும் வரைபடங்களும் உண்டு. ஆகவே இரண்டு ஆப்கள் வேறு வேறு எண் சொல்கின்றன என்றால், முதலில் நீரின் அளவில் அவை ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். வித்தியாசம் பெருக்கலில் மட்டும் இருக்கக்கூடும்.

பெய்யத் தொடங்கிய பிறகு மாடலைவிட ரேடார் நன்றாக உதவும். பனி உருகும் உயரத்தில் ரேடார் எதிரொலி அளவுக்கு மீறிப் பளிச்சென்று தெரியும், ரேடார் நிலையத்தைச் சுற்றி ஒரு வளையம் போல. அந்த வளையம் நேரம் போகப்போக நிலையத்தை நோக்கிச் சுருங்கினால் உருகும் மட்டம் கீழே இறங்குகிறது என்று பொருள், மழை பனியாக மாறும் நேரம் நெருங்குகிறது. அந்தப் பளிச்சென்ற நிறத்தை வைத்துக் கனமழை என்று எண்ணிவிடாதீர்கள்.

பெய்யாத தெளிந்த இரவுகளுக்கு வேறு வழி. மேகமும் காற்றும் இல்லாமல், தரையில் புதுப்பனி போர்த்தியிருந்தால் வெப்பநிலை சரசரவென்று சரியும், மாடல்கள் இப்படிப்பட்ட இரவுகளில் அடிக்கடி சற்று வெதுவெதுப்பாகவே சொல்லும். மாலையில் பனிப்புள்ளி, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, எவ்வளவு என்று குறித்துக்கொண்டால் குறைந்தபட்ச வெப்பநிலை எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஓரளவு நல்ல ஊகம் கிடைக்கும். நடு இரவில் மேகம் வந்து மூடினால் எல்லாம் மாறிவிடும், அதற்காகச் செயற்கைக்கோள் படத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, ஒரே ஒரு மாடல் ஓட்டத்தை நம்பாதீர்கள். ஐரோப்பிய நடுத்தரகால வானிலை மையம் தொடக்க நிலையைச் சற்று மாற்றி மாற்றி 51 ஓட்டங்கள் ஓட்டுகிறது. அவற்றில் 40 ஓட்டங்கள் 10 செ.மீ.க்கு மேல் காட்டினால், சுமார் 80 சதவீத வாய்ப்பு என்று தொடங்கலாம். இப்போது உங்கள் கணிப்பை ஓர் எண்ணாகவும் ஒரு வாய்ப்பாகவும் எழுதுங்கள்: "நாளை காலை 7 மணிக்குள் 8 செ.மீ., 5 செ.மீ.க்கு மேல் பெய்ய 70 சதவீதம்." இப்படி எழுதாத கணிப்பைப் பின்னால் அளக்கவே முடியாது.

ஒரு புயலை வைத்து ஆளை எடைபோடாதீர்கள்

2015 ஜனவரி 26, 27 தேதிகளில் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையோரம் நடந்தது நல்ல பாடம். நியூயார்க் நகரத்துக்கு 60 செ.மீ. அல்லது அதற்கு மேலும் பனி வரலாம் என்று எச்சரிக்கை, சுரங்க ரயில் வரை நிறுத்தினார்கள். சென்ட்ரல் பார்க்கில் விழுந்தது சுமார் 25 செ.மீ. அதே நேரத்தில் நகரத்திலிருந்து கிழக்கே நீளும் லாங் ஐலண்டின் பல இடங்களில் 60 செ.மீ.க்கு மேல் கொட்டியது. புயல் சொன்னபடியே வந்தது, கனமான பகுதி சற்றுக் கிழக்கே தள்ளி நின்றது, அவ்வளவுதான். நகரத்தில் இருந்தவருக்கு அது படுதோல்வி, லாங் ஐலண்டுக்காரருக்குத் துல்லியமான கணிப்பு. அந்த முறை நகரத்துக்கு மிக அதிகமாகச் சொன்னது பொதுவாக முதலிடத்தில் இருக்கும் ஐரோப்பிய மாடல், குறைவாகச் சொன்னது அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாடல். 2012 இல் சாண்டி புயல் கரையேறும் என்பதை முன்கூட்டியே காட்டியதில் நிலைமை நேர்மாறு. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்தவர் கட்சி கட்டிக்கொண்டு நிற்பார்.

ஒப்பிடுவது எப்படி

ஒரு நோட்டு அல்லது எக்செல் போதும். யாரை ஒப்பிடப் போகிறீர்களோ அவர்கள் அனைவரது கணிப்பையும் ஒரே நேரத்தில் எடுங்கள், உதாரணமாக தினமும் இரவு 8 மணிக்கு, அடுத்த நாள் காலை வரைக்கும். ஒருவரது மாலைக் கணிப்பையும் இன்னொருவரது விடியற்காலைத் திருத்தத்தையும் பக்கத்தில் வைத்தால் இரண்டாமவர் வெல்லத்தான் செய்வார், அதில் திறமைக்கு வேலை இல்லை. இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். 300 மீட்டர் உயர வித்தியாசம் என்றால் வெப்பநிலையில் ஏறத்தாழ 2 டிகிரி போய்விடும், மலைப்பகுதியில் அந்த 2 டிகிரிதான் மழையா பனியா என்று தீர்மானிக்கும். இன்னொன்று, பல ஆப்கள் ஒரே மாடலிலிருந்து எண்களை எடுத்துக் காட்டுகின்றன. இரண்டும் நாள்தோறும் ஒரே மாதிரி ஏறி இறங்கினால் ஒன்றை விட்டுவிடுங்கள்.

அளப்பதில் நேர்மை வேண்டும். வெப்பமானி நிழலில், காற்றோட்டமாக, ஆள் உயரத்துக்குச் சற்றுக் கீழே, சுவரை ஒட்டாமல் இருக்கட்டும். பனிக்கு ஒரு வெள்ளைப் பலகையைத் திறந்த இடத்தில் வைத்து, மேலே சேர்ந்ததை அளந்துவிட்டு வழித்துவிடுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் வழிக்கக் கூடாது. அடிக்கடி வழித்தால் பனி தன் எடையில் அமுங்குவது கணக்கில் வராமல் கூட்டுத்தொகை ஏறிவிடும். காற்று குவித்த இடத்தில் ஸ்கேலைக் குத்தி வரும் எண் எதற்கும் உதவாது.

வெப்பநிலைக்கு இரண்டு கணக்குப் போடுங்கள். தினசரிப் பிழையை கூட்டல் கழித்தல் குறி இல்லாமல் சராசரி எடுத்தால் பொதுவாக எவ்வளவு தவறுகிறார் என்று தெரியும், குறியோடு எடுத்தால் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று தெரியும். இரண்டுமே வேண்டும். ஒருநாள் 3 கூடுதல், மறுநாள் 3 குறைவு என்று சொல்பவரின் சாய்வு சுழியம், ஆனால் அவரால் பயன் குறைவு. தினமும் 2 டிகிரி கூட்டியே சொல்பவர் உண்மையில் உங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம், இரண்டைக் கழித்துவிட்டால் வேலை முடிந்தது.

பனி உண்டா இல்லையா என்பதற்கு "எத்தனை நாள் சரி" என்று சதவீதம் போடாதீர்கள், இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 1884 இல் ஃபின்லி என்பவர் அமெரிக்காவில் சூறாவளிச் சுழல்களை (டொர்னேடோ) கணித்து 96.6 சதவீதம் சரி என்று காட்டினார். மொத்தம் 2803 கணிப்புகள். சுழல் வரும் என்று சொல்லி வந்தது 28, சொல்லி வராதது 72, சொல்லாமல் வந்தது 23, சொல்லாமலும் வராமலும் போனது 2680. தினமும் "வராது" என்று மட்டும் சொல்லியிருந்தாலே 98.2 சதவீதம் சரியாகியிருக்கும்! கில்பர்ட் என்பவர் அதே ஆண்டு வேறு கணக்குச் சொன்னார்: அந்தப் பெரிய 2680 ஐ எடுத்துவிட்டு, மீதி 123 இல் 28 எத்தனை என்று பாருங்கள். 23 சதவீதம்கூட வரவில்லை. கனத்த பனி, உறைமழை போன்ற அரிதான நிகழ்வுகளுக்கு இந்தக் கணக்குதான் சரி. கூடவே, வந்ததில் எத்தனையைப் பிடித்தார், சொன்னதில் எத்தனை வீண் எச்சரிக்கை என்று தனித்தனியே எழுதுங்கள். விடியற்காலையில் வண்டி ஓட்டுபவருக்கு நாலு வீண் எச்சரிக்கையைவிடத் தவறவிட்ட ஓர் உறைமழை மோசம், ஆகவே யார் சிறந்தவர் என்பதற்கு எல்லோருக்கும் ஒரே விடை கிடையாது.

வாய்ப்புச் சதவீதம் சொல்பவர்களுக்கு 1950 இல் பிரையர் என்பவர் தந்த கணக்கு. 70 சதவீதம் சொல்லிப் பனி பெய்தால் 1 இலிருந்து 0.7 ஐக் கழித்து இருமடி எடுங்கள், 0.09. பெய்யாவிட்டால் 0.7 இன் இருமடி, 0.49. குறைந்த எண் நல்லது. நாலு நாளும் அடித்துச் சொல்லி மூன்றில் வென்று ஒன்றில் தோற்றவருக்குச் சராசரி 0.25. அதே மூன்று நாள் 80 சதவீதம் என்றும் தவறிய நாளில் 60 என்றும் சொன்னவருக்கு 0.12. மனதில் உள்ள நம்பிக்கையை அப்படியே சொல்பவருக்குத்தான் நாளடைவில் நல்ல மதிப்பெண் விழும் என்பது இந்தக் கணக்கின் அழகு. "5 முதல் 15 செ.மீ." என்று அகலமாகச் சொல்பவர்களுக்கு நடு எண்ணை வைத்துப் பிழை பாருங்கள், இடைவெளியின் அகலத்தையும் ஒரு பத்தியில் எழுதுங்கள். அகலமாகச் சொன்னால் எதுவும் உள்ளே விழும்.

எல்லோருடனும் இரண்டு போலிப் போட்டியாளர்களைச் சேர்த்துவிடுங்கள்: "நேற்று போலவே நாளையும்" என்பவர், "இந்தத் தேதியின் நீண்டகாலச் சராசரி" என்பவர். இவர்களைக்கூட வெல்லாத கணிப்பாளரின் மற்ற எண்களைப் பார்க்கவே வேண்டாம். அப்புறம் 30 நாளில் ஒருவர் 17, இன்னொருவர் 13 வென்றார் என்றால் அதை வெற்றியாக எண்ணாதீர்கள், நாணயம் சுண்டினாலும் அப்படி வரும். உறைமழை ஒரு குளிர்காலத்தில் ஓரிரு முறைதான் வரும் என்றால் அதற்கு மட்டும் பல குளிர்காலங்களின் கணக்கு தேவைப்படும், வெப்பநிலைக்கு ஒரு குளிர்காலமே ஓரளவு போதும்.

குளிர்காலம் முடிந்ததும் மொத்தமாக ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்காமல் பத்தி பத்தியாகப் பாருங்கள். குறைந்தபட்ச வெப்பநிலையில் ஒருவர், பனி அளவில் இன்னொருவர் என்று அமைவது சாதாரணம். ஒரே பத்தியில் இருவர் நெருக்கமாக இருந்தால் இருவரது எண்ணின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அது தனித்தனியாக இருப்பதைவிட நன்றாகவே தேறும், அடுத்த குளிர்காலத்தில் அந்தச் சராசரியையும் ஒரு போட்டியாளராகச் சேருங்கள். மாடல்களை அவ்வப்போது மேம்படுத்துகிறார்கள், அப்படி அறிவிப்பு வந்த தேதியில் நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு அதன் கீழே கணக்கைப் புதிதாகத் தொடங்குங்கள்.