ஜூனியர் வருடத்திலேயே விலையைக் கேட்டுவிடுங்கள்

மகள் 2024இல் கல்லூரிக்குப் போனாள். மகன் இப்போது ஜூனியர், அதாவது பதினோராம் வகுப்பு. நியூ ஜெர்சியில் எங்களுக்குத் தெரிந்த குடும்பங்களிலிருந்து மாதம் ஒரு ஃபோனாவது வரும். “எந்தெந்த காலேஜுக்குப் போட்டீங்க?” என்பார்கள். “வருஷத்துக்கு எவ்வளவு கட்ட முடியும்னு பிள்ளைகிட்ட சொல்லிட்டீங்களா?” என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நாங்களும் சொல்லவில்லை. பிள்ளைக்குப் பணக்கவலை தெரியக் கூடாது என்றே வளர்த்தோம். கல்லூரிகளின் கடிதங்கள் எல்லாம் வந்த பிறகு, ஏப்ரலில் ஒரு ராத்திரி சொன்னோம். “இதை முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஆசையே பட்டிருக்க மாட்டேனேம்மா” என்றாள். அந்த வார்த்தை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வரிக்கணக்கு. கல்லூரிச் செலவுக்கு அரசின் உதவி கேட்கும் ஃபாஃப்சா படிவம் பார்ப்பது நடப்பு வருட வருமானத்தை அல்ல, சேரும் ஆண்டுக்கு இரண்டு வருடம் முந்தையதை. 2027 ஆகஸ்டில் சேரப்போகும் பிள்ளைக்கு 2025ஆம் ஆண்டின் வரிக்கணக்குதான் அளவுகோல். அதாவது பத்தாம் வகுப்பின் பாதியில் தொடங்கி பதினோராம் வகுப்பின் பாதியில் முடியும் அந்தக் காலண்டர் வருடம். கம்பெனி கொடுத்த பங்குகளை அந்த வருடத்தில் விற்று லாபம் எடுத்தால், அது வருமானத்தில் ஏறி நிற்கும். விற்பதைத் தள்ளிப்போட முடியுமானால் தள்ளிப்போடுங்கள்.

அடுத்தது விலை. கல்லூரி தன் தளத்தில் போட்டிருக்கும் கட்டணத்தைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நம்பவும் வேண்டாம். இளங்கலைப் படிப்பு நடத்தும், அரசின் மாணவர் உதவியில் பங்குபெறும் கல்லூரிகள் எல்லாம் உதவி போகக் குடும்பம் கட்ட வேண்டியதைக் கணக்கிடும் ‘நெட் பிரைஸ் கால்குலேட்டர்’ ஒன்றைத் தங்கள் தளத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது 2011 முதல் சட்டம். போன வருட வரிப் படிவம், வங்கிக் கணக்கு விவரம் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், ஒரு கல்லூரிக்கு இருபது நிமிடத்துக்குள் ஒரு தோராயத் தொகை வந்துவிடும். நானும் மகனும் போன சனிக்கிழமை ஏழு கல்லூரிகளுக்குப் போட்டுப் பார்த்தோம். பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், அவர்களே எண்களைத் தட்டட்டும். கேம்பஸ் சுற்றிப் பார்க்கப் போவதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

ஹார்வர்ட் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் மார்க்குக்காக ஒரு டாலரும் தராது. குடும்பத்தின் தேவையைப் பார்த்துத்தான் தரும். ஆனால் அப்படித் தருவது பெரிய தொகையாக இருக்கும். 2025-26 முதல், வழக்கமான அளவு சொத்துள்ள குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலருக்குள் இருந்தால் ஹார்வர்டில் டியூஷன், அதாவது படிப்புக் கட்டணம், கட்ட வேண்டியதில்லை. நடுத்தர வருமானக் குடும்பத்துக்குச் சில நேரம் பெயர் பெற்ற கல்லூரி பக்கத்துத் தனியார் கல்லூரியைவிட மலிவாக முடிவது இப்படித்தான். எங்கே என்ன என்பது கால்குலேட்டரில் போட்டால்தான் தெரியும்.

சரி, ஃபாஃப்சாவுக்கு வருவோம். சீனியர் வருடம், அதாவது பன்னிரண்டாம் வகுப்பில், அக்டோபர் 1 அன்று திறக்கும். (என் மகளின் வருடத்தில் படிவத்தையே மாற்றியதால் 2023 டிசம்பர் கடைசியில்தான் திறந்தார்கள், கடிதங்கள் வசந்தம் முழுக்கத் தள்ளிப்போயின. அந்தக் காத்திருப்பு யாருக்கும் வேண்டாம்.) படிவத்துக்கு முன்னால் மாணவருக்கு ஒன்று, பெற்றோருக்கு ஒன்று என ஸ்டூடண்ட்எய்ட் தளத்தில் தனித்தனிக் கணக்கு திறக்க வேண்டும். கணவன் மனைவி சேர்ந்து வரி கட்டுபவர்களாக இருந்தால் ஒருவர் திறந்தால் போதும்.

இந்த இடத்தில் தமிழ்க் குடும்பங்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது: பெயர். என் கணவருக்கு ஊரில் இனிஷியல்தான். பாஸ்போர்ட் எடுக்கும்போது அப்பா பெயர் விரிந்து கடைசிப் பெயரானது. அலுவலகத்தில் இன்னொரு மாதிரிச் சுருக்கம். அந்தச் சுருக்கத்தைப் போட்டுக் கணக்குத் திறந்தார், சரிபார்ப்பில் நின்றுவிட்டது. சோஷியல் செக்யூரிட்டி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து, இடைவெளி உட்பட அதே மாதிரி திருத்திய பிறகுதான் ஏற்றுக்கொண்டது. அப்போதெல்லாம் சரிபார்க்கவே ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆனது. இப்படிப் பெயரில் சிக்கல் வரலாம் என்பதால் செப்டம்பரிலேயே கணக்கைத் திறந்து வைத்துவிடுங்கள். கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்4 விசாவில் இருக்கும் அம்மாவுக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லையென்றாலும் கணக்குத் திறக்கலாம். பெற்றோரின் விசா இதில் தடையே இல்லை. பார்ப்பது பிள்ளையின் நிலையைத்தான். இங்கே பிறந்த பிள்ளைக்கும் கிரீன் கார்டு உள்ள பிள்ளைக்கும் உண்டு. எச்4இல் இருக்கும் பிள்ளைக்கு ஃபெடரல் (மத்திய அரசு) உதவி கிடையாது. அவர்கள் கல்லூரிகள் தங்கள் சொந்தப் பணத்தில் தரும் உதவியைத் தேட வேண்டும், மாநிலத்தில் வசிப்பவர்களுக்கான கட்டண விதியையும் விசாரிக்க வேண்டும்.

படிவத்தில் வரித்துறையான ஐஆர்எஸ்ஸிடமிருந்து வரி விவரத்தை எடுத்துக்கொள்ள அனுமதி கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் ஃபெடரல் உதவிக்கே தகுதி போய்விடும்.

சொத்து விஷயத்தில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். குடியிருக்கும் வீட்டையும், 401கே போன்ற ஓய்வுக்காலச் சேமிப்பின் இருப்பையும் ஃபாஃப்சா கேட்காது. ஊரில் உங்கள் பெயரில் இருக்கும் மனையும் அடுக்குமாடி வீடும் கணக்கில் வரும், கட்டாயம் காட்ட வேண்டும். பெற்றோர் பேரில் உள்ள சேமிப்பில் அதிகபட்சம் 5.64 சதவீதத்தைக் கல்லூரிக்கு எடுக்கலாம் என்று கணக்கிடுவார்கள். பிள்ளை பேரில் இருந்தால் 20 சதவீதம். தாத்தா பாட்டி கொடுத்ததையெல்லாம் ஆசையாக மகள் பெயரிலேயே போட்டு வைத்திருந்தேன். அதே பணம் 529 என்ற கல்லூரிச் சேமிப்புத் திட்டத்தில் இருந்திருந்தால் பெற்றோர் சொத்தாகத்தான் எண்ணியிருப்பார்கள். மகனுக்கு அப்படித்தான் மாற்றினேன்.

பல தனியார் கல்லூரிகள் ஃபாஃப்சாவோடு சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற இன்னொரு உதவிப் படிவமும் கேட்கும். அது வீட்டின் மதிப்பு வரை துருவும். முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 16 டாலர். வருமானம் 1 லட்சம் டாலருக்குள் இருந்தால் இலவசம். இரண்டு பிள்ளைகள் ஒரே சமயத்தில் படித்தால் குடும்பத்தால் கட்ட முடியும் என்று கணக்கிட்ட தொகையை முன்பு ஃபாஃப்சா அவர்களுக்குள் பங்கிடும். 2024-25 முதல் அது இல்லை. சிஎஸ்எஸ் கேட்கும் கல்லூரிகள் பல இன்னும் அதைப் பார்க்கின்றன.

தேதிகளை நீட்டி எழுத வேண்டியதில்லை. ஜூனியர் அக்டோபரில் பிஎஸ்ஏடி தேர்வு, நேஷனல் மெரிட் ஸ்காலர்ஷிப்புக்கு எண்ணுவது அந்த ஒரு தேர்வைத்தான். வசந்தத்தில் ஆசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டு வைத்துவிட வேண்டும். ஆகஸ்ட் 1 பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பம் திறக்கும். நவம்பர் 1 வாக்கில் எர்லி, அதாவது முன்கூட்டியே போடும் விண்ணப்பங்கள். இதில் எர்லி டெசிஷன் கட்டுப்படுத்தும், இடம் கிடைத்தால் போயே ஆக வேண்டும். கால்குலேட்டர் காட்டிய தொகையை உங்களால் கட்ட முடியும் என்றால் மட்டும் அதில் கையெழுத்துப் போடுங்கள். கடிதங்களை ஒப்பிட்டுப் பார்க்க நினைக்கும் குடும்பத்துக்கு அது சரிப்படாது.

கடிதங்களை எப்படிப் படிப்பது என்று காட்டுகிறேன். மகளுக்குப் பிடித்த தனியார் கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தில் கொட்டை எழுத்தில் ‘உங்கள் உதவி 41,500 டாலர்’ என்று இருந்தது. வீடே குதித்தது. அப்புறம் சமையலறை மேஜையில் பென்சிலோடு உட்கார்ந்தேன். கல்லூரி கிராண்ட், அதாவது திருப்பிக் கட்ட வேண்டாத பணம், 27,000. மாணவர் கடன் 5,500. வொர்க் ஸ்டடி 3,000. பெற்றோர் வாங்க வேண்டிய பிளஸ் கடன் 6,000. கடன் இரண்டையும் அடித்தேன். வொர்க் ஸ்டடி என்பது அவள் வேலை பார்த்து மணிக்கணக்கில் சம்பாதிக்க வேண்டியது, ஆகஸ்ட் பில்லில் கழியாது, அதையும் அடித்தேன். மிஞ்சியது 27,000. மொத்தச் செலவு கடிதத்திலேயே இல்லை. தளத்தில் தேடியபோது, விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் சேர்த்து 84,000. ஆக நாங்கள் கட்ட வேண்டியது வருடம் 57,000.

மாநிலப் பல்கலைக்கழகக் கடிதத்தில் உதவி 13,500 என்றுதான் இருந்தது. அதில் கடன் 5,500 போக ஸ்காலர்ஷிப் 8,000. மொத்தச் செலவு 37,000. கட்ட வேண்டியது 29,000. நான்கு வருடத்துக்கு வித்தியாசம் 1,12,000 டாலர். சின்ன எண் போட்டிருந்த கடிதம்தான் எங்களுக்கு மலிவு.

அத்தோடு விடவில்லை. 2023இல் கணவருக்கு வேலை போய், குறைந்த சம்பளத்தில் இன்னொன்று கிடைத்திருந்தது. படிவம் பார்த்ததோ 2022 வருமானம். வேலை முடிந்த கடிதம், புதிய சம்பளச் சீட்டு மூன்று, ஒரு பக்க விளக்கம், இவ்வளவையும் தனியார் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு அனுப்பினோம். கிராண்ட் 6,000 கூடியது. எங்களுக்கு அது போதவில்லை, ஆனால் உங்களுக்குப் போதலாம். வேலை இழப்பு, மருத்துவச் செலவு, பெற்றோர் பிரிவு என்று ஆதாரத்தோடு காட்ட ஏதாவது இருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். ஸ்காலர்ஷிப் நான்கு வருடமும் வருமா, எந்த ஜிபிஏ காக்க வேண்டும், வெளியில் ஸ்காலர்ஷிப் வாங்கினால் தங்கள் கிராண்டைக் குறைப்பார்களா என்பதையும் கல்லூரியை முடிவு செய்யும் கெடுவான மே 1க்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடன் எடுத்தே ஆக வேண்டுமென்றால் முதலில் மாணவர் பெயரில் ஃபெடரல் கடன். முதல் வருடம் 5,500 வரை, இளங்கலை முடிய மொத்தம் 31,000 வரை. அதில் சப்ஸிடைஸ்டு பகுதிக்குப் படிக்கும் காலத்து வட்டியை அரசு கட்டும். உதவியே கிடைக்காது என்று தெரிந்தாலும் ஃபாஃப்சா போடுங்கள் என்று நான் சொல்வது இதற்காகவும்தான், படிவம் இல்லாமல் இந்தக் கடன் கிடையாது. பெற்றோர் பிளஸ் கடனுக்கு 2026 ஜூலையிலிருந்து உச்சவரம்பு உண்டு: ஒரு பிள்ளைக்கு வருடம் 20,000, மொத்தம் 65,000.

சேர்ந்த பிறகு கோடையில் முதல் பில் வரும். அதில் மாணவர் மருத்துவக் காப்பீடு தானாகவே ஏறியிருக்கலாம். உங்கள் அலுவலகக் காப்பீட்டில் பிள்ளை இருந்தால் விலக்குப் படிவத்தைக் கெடுவுக்குள் போடுங்கள், ஆயிரக்கணக்கில் மிச்சம். ஃபாஃப்சாவை ஒவ்வொரு வருடமும் புதிதாகப் போட வேண்டும். இந்த அக்டோபரில் எங்கள் வீட்டில் இரண்டு.