ஓவர்கிளாக் செய்ய எந்த பிராசஸர் வாங்கலாம்?

ஓவர்கிளாக் என்றால் கம்பெனி வைத்த வேகத்தைத் தாண்டி சிப்பை ஓட்டுவது. 1998இல் வந்த இன்டெலின் செலிரான் 300ஏ சிப்பில் பஸ் வேகத்தை (சிப்பின் வேகத்துக்கு அடிப்படையான மதர்போர்டு வேகம்) 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் போதும், 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450இல் ஓடும். அந்தக் காலம் மலையேறிவிட்டது. இப்போது கம்பெனிகளே கிட்டத்தட்ட எல்லை வரை முறுக்கித்தான் விற்கின்றன. விலை உயர்ந்த மாடலில் நமக்கு மிஞ்சுவது பெரும்பாலும் 100, 200 மெகாஹெர்ட்ஸ்தான். அதனால் நடுத்தர மாடல்களில் தேடுங்கள்.

இன்டெலில் பெயரின் கடைசியில் கே, கேஎஃப் அல்லது கேஎஸ் இருந்தால்தான் மல்டிப்ளையர் (அடிப்படை வேகத்தை எத்தனை மடங்காக்குவது என்ற எண்) திறந்திருக்கும், அதாவது நாமே மாற்றலாம். எஃப் என்றால் உள்ளேயே வரும் கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். கூடவே இசட்690, இசட்790 போன்ற இசட் வரிசை மதர்போர்டும் வேண்டும். 14600கே வாங்கி பி760 போர்டில் மாட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு: ரேம் வேகத்தை ஏற்றலாம், மல்டிப்ளையரைத் தொட முடியாது.

ஏஎம்டியில் ரைசன் சிப்கள் அநேகமாக எல்லாமே திறந்தவை. பி650 போர்டே போதும். ஏ620இல் பிராசஸர் ஓவர்கிளாக் கிடையாது. கூடுதல் கேஷ் (சிப்பிலேயே இருக்கும் அதிவேக நினைவகம்) கொண்ட எக்ஸ்3டி மாடல்களில் மட்டும் கவனம் தேவை. 5800எக்ஸ்3டி, 7800எக்ஸ்3டி இரண்டிலும் மல்டிப்ளையர் பூட்டியிருக்கும். 9800எக்ஸ்3டியில் கூடுதல் கேஷை கோர்களுக்குக் கீழே வைத்ததால் கோரின் சூடு நேராக மேலே ஏறி வெளியேறுகிறது. அதன் மல்டிப்ளையரும் திறந்தது.

ரைசன் 5 7600ஐயும் 7600எக்ஸையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் 6 கோர்தான். முதலாவதின் உச்ச வேகம் 5.1 ஜிகாஹெர்ட்ஸ், மின்வரம்பு 88 வாட். இரண்டாவதுக்கு 5.3, 142 வாட். பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) பிபிஓவை (மின்வரம்பைத் தளர்த்தும் ஏஎம்டி வசதி) இயக்கி, பூஸ்ட் வரம்பில் 200 மெகாஹெர்ட்ஸ் கூட்டினால் 7600உம் 5.3ஐ எட்டப் பார்க்கும். விலை வித்தியாசத்தைக் கூலரில் போடுங்கள். பெட்டியோடு வரும் சின்னக் கூலர் இதற்குத் தாங்காது.

கூலரில் ஏன் கஞ்சத்தனம் கூடாது? மின்செலவு வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். 5 சதவீத வேகத்துக்காக வோல்டேஜை 1.20இலிருந்து 1.32க்கு ஏற்றினால், வெப்பம் சுமார் 27 சதவீதம் கூடும். 14600கேயின் 181 வாட் வரம்பை அந்தக் கணக்கில் பெருக்கினால் 230ஐத் தொடும். இரட்டை டவர் அல்லது 280 மி.மீ. லிக்விட் கூலர் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். அறை வெப்பம் அப்படியே மேலே சேரும் என்பதையும் மறக்காதீர்கள்: 24 டிகிரி ஏசி அறையில் 85 காட்டும் சிப், சித்திரை மாதம் 36 டிகிரி அறையில் 97ஐ நெருங்கும். இன்டெல் 100இல், ரைசன் 7000 வரிசை 95இல் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பட்ட பாடெல்லாம் வீண்.

பழைய 13, 14ஆம் தலைமுறை இன்டெல் சிப்பை செகண்ட் ஹேண்டில் வாங்குவதைத் தவிர்ப்பது நல்லது. அதிக வோல்டேஜால் இவற்றில் நிலைகுலைவு வந்தது; 2024இல் வந்த 0எக்ஸ்12பி மைக்ரோகோட் (பயாஸ் அப்டேட்டோடு வரும் சிப்பின் உள் மென்பொருள்) அதை இனி வராமல் தடுக்கும், ஏற்கெனவே ஆன சேதத்தைச் சரிசெய்யாது. புதிது வாங்கினாலும் பயாஸை அப்டேட் செய்த பிறகே மற்ற வேலை.

சிப் வந்ததும் முதலில் எதையும் மாற்றாமல் சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருளை ஓட்டி, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் வெப்பத்தையும் வாட்டையும் குறித்துவையுங்கள். ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ (ஏஎம்டி) அல்லது எக்ஸ்எம்பியை (இன்டெல்) அணைத்து வையுங்கள். ரேமும் பிராசஸரும் சேர்ந்து தகராறு செய்தால் குற்றவாளியைப் பிடிக்க முடியாது. ரைசனில் கர்வ் ஆப்டிமைசரை (ஒவ்வொரு கோரின் வோல்டேஜையும் குறைக்கும் பயாஸ் அமைப்பு) எல்லா கோருக்கும் மைனஸ் 10இல் தொடங்கி, மைனஸ் 15, 20 என்று ஐந்தைந்தாக இறக்குங்கள். இங்கே பலர் ஏமாறுவது சோதனையில்தான். கனமான சோதனையில் ஒரு மணி நேரம் தாங்கிய சிப், சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகும். காரணம், லேசான வேலையில்தான் ஒரு கோர் உச்ச வேகத்துக்குப் பாய்கிறது. கோர்சைக்ளர் என்ற மென்பொருளில் ஒவ்வொரு கோராகச் சோதித்து, தோற்ற கோருக்கு மட்டும் மைனஸ் மதிப்பைக் குறையுங்கள் (மைனஸ் 20 இருந்தால் மைனஸ் 15). பெரும்பாலும் முதலில் தோற்பது சிப்பின் சிறந்த கோர்தான். அது ஏற்கெனவே குறைந்த வோல்டேஜில் ஓடுகிறது.

கடைசியில் எக்ஸ்போவை இயக்குங்கள். டிடிஆர்5-6000 ரேம் போதும், எஸ்ஓசி வோல்டேஜ் (ரேமைக் கையாளும் சிப் பகுதிக்கான வோல்டேஜ்) 1.3ஐத் தாண்டக் கூடாது. ஸ்கிரீன் வராமல் போனால் சிமாஸை (பயாஸ் அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்) மதர்போர்டிலுள்ள பின் வழியாக அழிக்க வேண்டியிருக்கும். அந்த பின் எங்கே இருக்கிறது என்று கேபினெட்டை மூடும் முன்பே பார்த்துவையுங்கள்.