ஜப்பான்ல ஹோஸ்ட் வீட்டுக்கு குரூப்பா போறீங்களா? இறங்கினதுல இருந்து கிளம்புற வரைக்கும் ஸ்டெப் பை ஸ்டெப்பா

தூத்துக்குடில இருந்து நாங்க 14 பேர் கலாசாரப் பரிமாற்றத்துக்கு ஜப்பான் போனோம், நாரா பக்கத்துல அசுகானு ஒரு கிராமம், அங்க விவசாயி வீடுகள்ல தங்கல். போறதுக்கு முன்னாடி விசா, டிக்கெட் பத்தி சொல்ல ஆயிரம் பேர் இருந்தாங்க, ஆனா அந்த வீட்டு வாசல்ல நின்ன பிறகு என்ன பண்ணணும்னு ஒருத்தரும் சொல்லல. முதல் தடவை போறவங்களுக்காக அதைத்தான் எழுதுறேன்.

ஸ்டெப் 1: பெட்டி கட்டும்போதே

கறி சம்பந்தப்பட்ட எதையும் எடுக்காதீங்க. சிக்கன் ஊறுகாய், மட்டன் ஊறுகாய் எல்லாமே தடை, ஏர்போர்ட்ல அதுக்குன்னே பழக்கின நாய் பெட்டியை மோந்து பாக்கும். கறிவேப்பிலை, மாம்பழமும் வேணாம். சளி மாத்திரை எடுத்தா அட்டையைத் திருப்பிப் படிங்க, சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல இருந்தா அங்க அனுமதி கிடையாது. கரண்ட் 100 வோல்ட், பிளக் ரெண்டு தட்டைக் கம்பி, அதனால அடாப்டர் கண்டிப்பா வேணும்.

அன்பளிப்பு பெருசா வேணாம். நான் கொண்டு போனது ஒரு சின்ன பத்தமடைப் பாய். புல்லுல செஞ்சதுங்கறதால ஏர்போர்ட்ல நானே கவுண்டர்ல எடுத்துக் காட்டினேன், நீங்களும் செடி கொடி சம்பந்தப்பட்டது எதுவா இருந்தாலும் காட்டிருங்க. எதையும் நாலு நாலா கொடுக்காதீங்க, அங்க நாலுங்கற சொல்லும் சாவுங்கற சொல்லும் ஒரே உச்சரிப்பு, அதனால ராசியில்லைனு நினைப்பாங்க.

ஸ்டெப் 2: ஏர்போர்ட்

நாங்க இறங்கினது கான்சாய், கடலுக்குள்ள தீவு கட்டி அதுமேல 1994ல திறந்த ஏர்போர்ட். விசிட் ஜப்பான் வெப்ங்கற ஜப்பான் அரசு வெப்சைட்ல ஊர்லயே எல்லாத்தையும் நிரப்பி கியூஆர் கோடு வாங்கிருங்க. இமிக்ரேஷன்ல ரெண்டு ஆள்காட்டி விரல் ரேகையும் போட்டோவும் எடுப்பாங்க. தங்குற இடத்து விலாசத்தை ஆளாளுக்கு ஒரு பேப்பர்ல பிரிண்ட் எடுத்து வச்சுக்கோங்க, குரூப் லீடர்கிட்ட மட்டும் இருந்தா போதும்னு விட்டுட்டா அவர் முன்னாடி போயிட்ட பிறகு நீங்க கவுண்டர்ல முழிச்சுட்டு நிக்கணும். வாட்ச்சை 3 மணி 30 நிமிஷம் முன்னால தள்ளி வைங்க, இந்த ஸ்டெப் அவ்வளவுதான்.

ஸ்டெப் 3: வரவேற்பு கூட்டம்

பஸ் நேரா வீட்டுக்குப் போகாது. ஊர் பொது ஹால்ல நியூசோன்ஷிகினு ஒரு சின்ன விழா, கிராமத்துக்குள்ள நம்மளைச் சேத்துக்கிற விழானு வச்சுக்கோங்க. ஹோஸ்ட் குடும்பங்கள் ஒரு பக்கம், நம்ம ஒரு பக்கம், அப்புறம் பேர் வாசிச்சு வீட்டுக்கு மூணு நாலு பேரா பிரிப்பாங்க. பிரெண்டோட ஒரே வீடு வேணும்னு அந்த நேரத்துல மாத்தச் சொல்லாதீங்க ப்ளீஸ், அவங்க ஆள் கணக்குப் பாத்து மெத்தை விரிச்சு, அரிசி ஊற வச்சுட்டு வந்திருப்பாங்க.

ஸ்டெப் 4: வாசல்

கதவைத் திறந்ததும் கென்கான்னு ஒரு பள்ளமான இடம் இருக்கும். செருப்பை அங்க விட்டுட்டு மேல ஏறணும், கழட்டின காலை மறுபடி அந்தப் பள்ளத்துல வைக்கக் கூடாது. நாங்க நாலு பேரும் ஷூவை அப்படியே விட்டுட்டு உள்ள போயிட்டோம். திரும்பிப் பாத்தா அந்த வீட்டுப் பாட்டி, எழுபதைத் தாண்டினவங்க, மண்டி போட்டு உக்காந்து எங்க ஷூவை ஒவ்வொண்ணா எடுத்து மூக்கு வாசல் பக்கம் பாக்குற மாதிரி திருப்பி வச்சிட்டு இருந்தாங்க. எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அதை நீங்களே செஞ்சிருங்க, கிளம்பும்போது நேரா கால் நுழைக்கத்தான் அப்படி வைக்கிறது.

உள்ள வீட்டு ஸ்லிப்பர் தருவாங்க. பாய் விரிச்ச ததாமி ரூம்ல அதுவும் கூடாது. டாய்லெட்டுக்குத் தனி ஸ்லிப்பர், அது டாய்லெட்டைத் தாண்டி வெளிய வரக் கூடாது. ததாமியும் கோரை மாதிரி ஒரு புல்லுல பின்னுறதுதான், நான் பத்தமடைப் பாயைக் ரெண்டு கையாலயும் கொடுத்ததும் பாட்டி அதைத் தரையோட சேத்து வச்சு மாத்தி மாத்தித் தடவிப் பாத்தாங்க. பேச்சு ஆரம்பிச்சதே அங்கதான்.

ஸ்டெப் 5: சாப்பாடு

சைவம் சாப்பிடுறவங்க இதை ரெண்டு தடவை படிங்க. "வெஜிடேரியன்"னு மட்டும் சொன்னா பத்தாது. அங்க சூப்பு, குழம்பு, காய் வேக வைக்கிற தண்ணி எல்லாத்துக்கும் தாஷினு ஒரு சாறு ஊத்துவாங்க, பெரும்பாலும் காய வச்ச சூரை மீனைச் சீவிப் போட்டு எடுக்கிறது. தூத்துக்குடிக்காரங்களுக்கு ஒரே வார்த்தைல சொல்லணும்னா நம்ம மாசி. தட்டுல மீன் துண்டு இருக்காது, அதனால அவங்க அதை மீன்னே நினைக்க மாட்டாங்க. "கொம்பு தாஷி ஓகே"னு சேத்துச் சொல்லுங்க, கொம்புங்கறது கடல்பாசி. ஹோஸ்ட் வீட்டுக்காக ஊர்ல நிரப்புற ஃபார்ம்லயே எழுதிருங்க, போய் இறங்கி சமைச்ச பிறகு சொன்னா அவங்களுக்கு ரொம்பக் கஷ்டமாயிடும்.

சொல்றது லேசுதான், ஏன்னா வாக்கியம் நம்ம வரிசைலயே வரும். வாதாஷி வா (நான்) சகானா ஓ (மீனை) தபேமசென் (சாப்பிடறதில்ல). வினைச்சொல் கடைசில, "ஐ" உருபு மாதிரி ஒரு "ஓ" கூட இருக்கு. சாப்பிடுறதுக்கு முன்னாடி கை கூப்பி "இதாதாக்கிமாஸ்", முடிச்சதும் "கொச்சிசோசமா". சாப்பிடுற குச்சியைச் சோத்துல நட்டு வைக்காதீங்க, இறந்தவங்களுக்குப் படைக்கிற முறை அது.

ஸ்டெப் 6: குளியல்

காலைல இல்ல, ராத்திரி. முதல்ல தொட்டிக்கு வெளிய ஸ்டூல்ல உக்காந்து சோப்பு போட்டுத் தேச்சு சுத்தமா அலசிட்டு, அப்புறம்தான் தொட்டிக்குள்ள இறங்கணும். தொட்டி ஊறத்தான், தேய்க்க இல்ல. அதே தண்ணிலதான் வீட்டுல எல்லாரும் அடுத்தடுத்து இறங்குவாங்க, விருந்தாளிக்கு முதல் முறை. எங்க குரூப்ல ஒரு தம்பி குளிச்சு முடிச்சதும் நல்ல எண்ணத்துல அடைப்பானைப் பிடுங்கி விட்டுட்டான், அந்தக் குடும்பம் மறுபடி தண்ணி நிரப்பி, சூடாக்கிக் குளிக்கிறதுக்குள்ள நடுராத்திரி ஆயிடுச்சு. மூடியைப் போட்டுட்டு வந்திருங்க.

ஸ்டெப் 7: முதல் ராத்திரி அவங்களோட வீட்டு ஹால்ல உக்காருங்க

என்னைக் கேட்டா இதுதான் முக்கியமான ஸ்டெப். நாலு பேர் ஒரே வீட்டுல இருந்தா நமக்குள்ளயே தமிழ்ல பேசிச் சிரிச்சுக்கிட்டு, மிச்ச நேரம் வாட்ஸ்அப் குரூப்ல "உங்க வீட்டுல என்ன சாப்பாடு"னு கேட்டுக்கிட்டே பொழுது போயிடும், அவங்க சொந்த வீட்டுலயே ஓரமா உக்காந்து நம்மளைப் பாத்துட்டு இருப்பாங்க. எங்க வீட்டுல முதல் ஒரு மணி நேரம் அப்படித்தான் போச்சு, இப்ப நினைச்சாலும் வருத்தமா இருக்கு. ஊர்ல இருந்து பத்து போட்டோ பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க, வீடு, அம்மா, உப்பளம், தேர், கல்யாணம். போன்ல காட்டுறதை விட கைல கொடுத்தா நின்னு பாப்பாங்க. டிரான்ஸ்லேட் ஆப்ல சின்னச் சின்ன வாக்கியமா பேசுங்க, நீட்டி முழக்கினா தப்பாத்தான் வரும்.

வெளிய போகும்போது "இத்தெகிமாஸ்", போயிட்டு வரேன்னு அர்த்தம், நம்ம மாதிரியே திரும்பி வர்றதும் சேந்துதான் அதுல இருக்கு. வந்ததும் "ததாய்மா". ரெண்டாவது நாள் நான் வாசல்ல நின்னு "ததாய்மா"ன்னேன், அடுப்படில இருந்து பாட்டி "ஒகாயேரி"ன்னு குரல் கொடுத்தாங்க, எங்க அம்மா "வந்துட்டியா"னு கேக்குற அதே இழுவை.

ஸ்டெப் 8: கிளம்புற காலை

படுக்கையை மூணா மடிச்சு ஓரமா வைங்க. மறுபடி அதே ஊர் பொது ஹால், அதே மாதிரி விழா, அப்புறம் பஸ். பஸ் கிளம்பினதும் அவங்க உள்ள போயிட மாட்டாங்க, வளைவு திரும்பி கண்ணுல இருந்து மறையுற வரைக்கும் ரெண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கிட்டே நிப்பாங்க. அதனால ஏறினதும் போனை எடுத்து உக்காந்துராதீங்க, அவங்க நிக்கிற பக்கத்து ஜன்னலுக்குப் போய் நின்னு, பஸ் திரும்புற வரைக்கும் நீங்களும் கை ஆட்டுங்க.